மந்தைக்கு இரண்டாம் பொருள்

அகராதி அலுவலகத்தில் சேர்ந்த பிறகு அவள் தனியாக எழுதிய முதல் சொல் ‘மந்தை’. ஆடு மாடுகளின் கூட்டம் என்ற முதல் பொருளை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் குழுக் கூட்டத்தில் இரண்டாவதில்தான் தகராறு.

“‘யோசிக்காமல் அடுத்தவர் பின்னால் போகும் மனிதர்கள்.’ இதெல்லாம் வசவும்மா. அகராதியில வேண்டாம்,” என்றார் தலைமைப் பதிப்பாசிரியர்.

“மக்கள் அப்படிப் பேசறாங்களே சார்.” என்றாள் அவள்.

“சரி, சபையே சொல்லட்டும். எடுத்துடலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

முதலில் குழுவின் மூத்த ஆசிரியரின் கை உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். அப்புறம் மளமளவென்று மேசையைச் சுற்றி எல்லாக் கைகளும் எழுந்தன. அவள் அந்த வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தாள்.

“இரும்மா, நான் அதுக்குத் தூக்கலை,” என்றார் மூத்தவர். “சுவிட்ச் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவரை ஃபேன் போடச் சொல்லிக் கை காட்டினேன். அந்த அர்த்தம் இருக்கட்டும், சரியாத்தானே இருக்கு?”

எல்லாக் கைகளும் சேர்ந்தாற்போல் இறங்கின.

தலைமைப் பதிப்பாசிரியர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“வரி இருக்கட்டும்மா. எடுத்துக்காட்டு வாக்கியத்துல மட்டும் எங்களைச் சேர்த்துடாதே.”