பெரிய வண்டிக்கு வந்த சீக்கு

“அண்ணாச்சி, நாளைக் கழிச்சு குலசாமி கோயிலுக்குக் குடும்பத்தோட போணும். உங்க பெரிய வண்டியைத் தருவீங்களா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டுத் தங்கமாரி.

“அதை ஏன் கேக்கீரு. பழைய வண்டி. ஏசியில அனல்காத்து வருது. டீசலைத் தண்ணியா குடிக்குது. ஏத்தம்னா இழுக்காம கரும்புகையைக் கக்குது. பிள்ளைகுட்டியோட நடுவழியில நின்னுட்டா?” என்றார் உக்கிரபாண்டி.

தங்கமாரி வாடிய முகத்தோடு போனார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் மச்சானோடு வந்து நின்றார். “நீங்க படுத பாடு பொறுக்கல அண்ணாச்சி. மச்சான் சும்மாவே பாத்துத் தருவாரு.”

மறுக்க வழியில்லை. மதியத்துக்குள் இன்ஜின் அக்குவேறு ஆணிவேறாகச் சாக்கில் கிடந்தது. மச்சான் தலையைச் சொறிந்தார்.

“இல்லாத கோளாறை அவரு எங்கன தேடுவாரு? உண்மையைச் சொல்லிருங்க,” என்று காதைக் கடித்தாள் மனைவி கோமதியம்மாள்.

“சொன்னா வண்டியைக் கேப்பாரு. தேடட்டும்.”