தண்ணீர்த் தொட்டி மேடு

"அவருக்கு எதுவும் தெரியக் கூடாது அண்ணே. கடைசி வரைக்கும் தெரியக் கூடாது."

சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண்மணி. புருஷன் ஆபீஸ் போன நேரம் பார்த்து, அவருடைய சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். வந்ததும் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டாள்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா தங்கச்சி? மாட்டுனா மானம் போயிடும். உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான்."

"யோசிச்சு யோசிச்சுத்தான் தூக்கமே போச்சு. சீசனோட முதல் போட்டியிலயே இதுக்கு ஒரு முடிவு கட்டியாகணும்."

தூக்கம் போனது நிஜம். அவள் புருஷன் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளை மேலாளர். தெருவில் அவருக்குப் பெயர் 'மின்னல்'. கிண்டலாக வைத்த பெயர்தான், அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச காலமாகவே அவருக்கு டூயத்லான் பித்து. முதலில் ஓட்டம், நடுவில் சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று மனுஷனைப் பிழிந்து காயப்போடுகிற போட்டி அது.

விடியும் முன்னே அலாரம் அலறும். ஹாலில் ஒரு ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பார். கீழ் வீட்டுக்காரர் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுவார். அப்புறம் பீட்ரூட் சாறுக்கு மிக்ஸி ஓடும். மச்சினி கல்யாணத்துக்கு வீட்டிலிருந்து ஓடியே வந்து, அரை டிராயரோடு மேடையேறி போட்டோவில் நின்ற மகானுபாவர். "ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டா சைக்கிளை வித்துடறேன்" என்று வாரம் தவறாமல் சொல்வார். அவர் வந்து சேர்வதற்குள் போட்டி நடத்துகிறவர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"சத்தம் கேக்குமா?" என்று கேட்டாள்.

"சனங்க போடுற கூச்சல்ல யாருக்குக் கேக்கப் போகுது? சமதரையில ஒண்ணும் ஆகாது. தண்ணித்தொட்டி மேட்டுல அழுத்தி மிதிப்பார் பாருங்க, அங்கதான்."

"அங்கயே முடிஞ்சிடுமா?"

"அங்கயே முடிவாயிடும்." கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பாவம், நல்ல மனுஷன்."

"பாவம் பார்த்தா நான்தான் முதல்ல போய்ச் சேருவேன். வேலையை ஆரம்பிங்க."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மின்னல் காரிலிருந்து சைக்கிளை இறக்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, இன்னிக்கு இது கனக்குதே?"

"பட்டினி கிடந்தா பேனாகூடத்தான் கனக்கும். போங்க, நேரமாச்சு."

வாசலில் ஓர் அதிகாரி ஒவ்வொரு சைக்கிளாக நிறுத்திப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மின்னலின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தார். குனிந்து சக்கரத்தையும் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"சரி சார், உள்ள கொண்டு போய் நிறுத்துங்க."

முதல் ஓட்டம் முடிந்து சைக்கிளில் ஏறியதும், மின்னல் வேலிப்பக்கம் திரும்பி அவளுக்குக் கையசைத்தார். ஒரு பாவமும் அறியாத சிரிப்பு. அவள், 'கை காட்டாம போங்களேன்' என்று முனகினாள்.

பக்கத்தில் நின்ற பல் டாக்டரின் மனைவி ஓர் ஆரஞ்சுச் சுளையை நீட்டினாள். பல் டாக்டரும் மின்னலும் கடைசி வரிசைக் கூட்டாளிகள். அதனால் பந்தல் பிரிக்கிறவரை காத்திருந்து பழகியவர்கள் இந்த இரண்டு பெண்களும்.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயில்..." என்றாள். சூரியன் மேகத்துக்குள் இருந்தது.

திடீரென்று ஒலிபெருக்கி கத்தியது. "தண்ணீர்த் தொட்டி மேட்டில் பரபரப்பு! நம்பவே முடியவில்லை!" அடுத்த நிமிஷம் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு அந்தப் பக்கம் பறந்தது. அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் போனது, தசை பிடித்து உட்கார்ந்துவிட்ட ஒரு காலேஜ் பையனுக்காக.

கடைசி ஓட்டத்தில் பல் டாக்டர் முதலாவதாக வந்து கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னாலேயே, முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல், மின்னல் ஓடி வந்தார். பல் டாக்டரின் மனைவி ஆனந்தக் கண்ணீர் விட்டாள். இவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தியா! ரெண்டாவது இடம்!" மின்னல் பதக்கத்தை ஆட்டிக் காட்டினார். "இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. இனிமே விடமாட்டேன். நாளையிலேர்ந்து மூணு மணிக்கே அலாரம்!"

அவள் மைதான ஓரத்தில் ரிப்பேர் பெட்டியோடு உட்கார்ந்திருந்த கடைக்காரரிடம் விடுவிடுவென்று போனாள்.

"என்ன அண்ணே வேலை பாத்தீங்க? இன்னியோட என் தலைவலி விட்டுதுன்னு நம்பி வந்தேன். ஆளு சிரிச்சுக்கிட்டே வந்து நிக்கறாரே!"

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்காரர் சைக்கிளுக்குள்ள வெச்ச மோட்டார் ஜம்முனுதான் ஓடுச்சு தங்கச்சி... பல் டாக்டர் வீட்டம்மா அதைவிடப் பெரிசா கேட்டு மாட்டிட்டுப் போனா, நான் என்ன பண்ண முடியும்?"