அண்ணன் சட்டை

“ஏங் கண்ணு, இந்தத் தடவையாவது பாப்பாவுக்கு ஒரு கவுன் போடக் கூடாதா? மறுபடியும் பையன் சட்டையவே எடுத்துட்டு வந்திருக்கறயே.”

நர்மதா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டாள். நாமக்கல்லில் குழந்தைகளை மட்டுமே படம் எடுக்கும் ஸ்டூடியோ அவளுடையது. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல், மாடியில் இரண்டே அறைகள்.

“இதையே போட்டு எடுத்துருங்க அக்கா” என்றாள் தேவிப்ரியா. மடியில் கிடந்த பெண் குழந்தைக்கு நீலக் கட்டம் போட்ட சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். “இவ அண்ணன் எட்டாவது மாசத்துல போட்டதுங்க.”

ஒவ்வொரு மாதமும் இதே கதைதான். பிறந்த இரண்டாம் வாரத்தில் முதல் படம். சதா தூங்கிக்கொண்டே இருக்கும் அந்தப் பருவத்தில்தான் துணியில் சுற்றிப் படுக்க வைத்து எடுக்க முடியும் என்று நர்மதாதான் வரச் சொல்லியிருந்தாள். அப்புறம் கழுத்து நின்றபோது, குப்புற விழுந்தபோது, உட்கார்ந்தபோது என்று மாதம் ஒரு படம். தேவிப்ரியா ஒரு முறைகூடத் தேதி தவறியதில்லை. வரும்போதெல்லாம் பையில் அண்ணன் சட்டை ஒன்று இருக்கும். கைபேசியில், அந்தந்த மாதத்தில் அண்ணனை வீட்டிலேயே எடுத்த படம் ஒன்று இருக்கும். அவன் எந்தப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தானோ, அந்தப் பக்கம்தான் இவளும் சாய்க்க வேண்டும்.

நர்மதா அலமாரியிலிருந்து ஒரு ரோஸ் நிற கவுனை எடுத்து நீட்டினாள்.

“நானே கடைக்குப் போயி எடுத்துட்டு வந்தேன். எனக்காக இதுல ஒண்ணே ஒண்ணு.”

“வேண்டாமுங்க அக்கா.”

குழந்தை தும்மியது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“சளி புடிச்சிருக்குது பாரு. மொகமே வாடிக் கெடக்குது. அடுத்த வாரம் கூட்டிட்டு வா, நல்லாச் சிரிப்பா.”

“இல்லைங்க, இன்னைக்கே எடுக்கோணும். தள்ளிப் போட வேண்டாமுங்க.”

“அப்படி என்ன அவசரம்?”

தேவிப்ரியா பதிலுக்குக் கைபேசியை நீட்டினாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு, முளைத்தும் முளைக்காத இரண்டு பல் தெரியச் சிரிக்கும் கொழுகொழுப் பையன்.

“பெரியவன்னா ஊட்டுல எல்லாருக்கும் செல்லமோ?”

“அவங்கப்பாவுக்கு அவன்னா உசுருங்க.”

நர்மதாவுக்குச் சுருக்கென்றது. அவளும் மூன்று அண்ணன்களுக்குப் பின் பிறந்தவள்தான். மாமன் கல்யாணத்தில் எடுத்த படத்தில், பெரிய அண்ணனின் தொளதொளச் சட்டையில் அவள் நிற்கிறாள். அவளுடைய சின்ன வயதுக்கென்று இருப்பது அந்த ஒரு படம்தான். பார்க்கிறவர்கள் இன்றும் ‘இந்தப் பையன் யாரு?’ என்று கேட்கிறார்கள்.

சாவிக்கொத்தை ஆட்டி, சொடக்குப் போட்டு, எப்படியோ குழந்தையின் கையைக் காதுக்குக் கொண்டுபோய்ப் படத்தை எடுத்து முடித்தாள். குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது அடக்க முடியவில்லை.

“சொல்றேன்னு தப்பா நெனைக்காத கண்ணு. பொம்பளப் புள்ளைன்னா இத்தனை எளக்காரமா? நானும் இவ பொறந்ததுலருந்து பார்க்கறேன். இவளுக்குன்னு ஒரு துணி இல்லை, இவளுக்குன்னு ஒரு படம் இல்லை. எல்லாம் அண்ணனை ஜெராக்ஸ் எடுத்தாப்புல. நாளைக்கு இவ வளந்து இதையெல்லாம் பார்த்தா என்ன நெனைப்பா?”

தேவிப்ரியா சட்டையைக் கழற்றி, சுருக்கமில்லாமல் மடித்துப் பையில் வைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “வாரேனுங்க அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

இனி வரமாட்டாள் என்றே நர்மதா நினைத்தாள். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று உறுத்தியது. யாராவது சொல்லத்தானே வேண்டும் என்றும் தோன்றியது.

ஆனால் அடுத்த மாதம், அதே தேதியில் வந்தாள். முட்டை வண்டி ஓட்டும் அவள் கணவன் சரவணக்குமாரும் இந்த முறை கூட வந்திருந்தான். அவன் தோளில் குழந்தை. மஞ்சள் நிறத்தில் புத்தம் புதிய கவுன், கடை அட்டைகூட இன்னும் பிய்க்கப்படவில்லை. காலில் கொலுசு.

நர்மதாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“வாடி என் சாமி. இன்னைக்குத்தான் நீ நீயா வந்திருக்கற.” பிறகு தேவிப்ரியாவின் பக்கம் திரும்பினாள். “அன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத. ஆனாலும் சொன்னதைக் கேட்டயே, அது போதும் எனக்கு.”

தேவிப்ரியா தலையை மட்டும் அசைத்தாள். சரவணக்குமார் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

விரிப்பில் விட்டதும் குழந்தை விறுவிறுவென்று தவழ்ந்து ஓரத்துக்கு ஓடியது. நர்மதா சிரித்துக்கொண்டே பிடித்து இழுத்து நடுவில் விட்டாள்.

“இவ ஒரு எடத்துல நிக்க மாட்டா போலிருக்குதே. சரி, எப்படி எடுக்கட்டும்? உனக்கும் மனசு கேக்காது. பெரியவன் படத்தைக் காட்டு, அதே மாதிரியும் ஒண்ணு எடுத்துத் தாரேன்.”

“இனிமே உங்க இஷ்டத்துக்கு எடுங்க அக்கா. அவன் தவழ்ந்ததில்லைங்க” என்றாள் தேவிப்ரியா. “எட்டு மாசத்தோட போயிட்டானுங்க. ஒம்பதாவது மாசத்துக்குன்னு அவனுக்கு நாங்க சட்டையே எடுக்கலை.”