தூங்குகிறவளுக்கு ஒரு பாட்டு

ஓவியத்தில் இருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை.

திறக்க மாட்டாள் என்று இவளுக்கும் தெரியும். படித்தவள்தானே. இருந்தாலும் மியூசியத்தில் அதன் முன்னால் நின்றாள்.

ஜன்னல் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கும் பெண். தோளில் மஞ்சள் சால்வை. மடியில் பாதி உரித்த எலுமிச்சை, தோல் சுருளாகத் தொங்குகிறது. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஹாலந்தில் யாரோ வரைந்தது.

இவள் அதை முதலில் பார்த்தது சரவணம்பட்டியில். ஆபீஸ் கேன்டீனில், கூட வேலை பார்த்த நவநீதனின் போனில்.

ஓவியமாக அல்ல. ஒரு ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடரின் தொடக்கப் பாட்டில்.

பள்ளிச் சீருடை போட்ட நாயகி, ரயில் ஜன்னலில் இதே மாதிரி தலை சாய்த்திருப்பாள். அதே சால்வை, அதே எலுமிச்சை, இடப்பக்கத்திலிருந்து அதே வெளிச்சம். பாட்டின் நடுவில் எலுமிச்சை மடியிலிருந்து உருளும். அவள் கண் திறப்பாள்.

மூல ஓவியத்தைத் தேடிப் பிடித்தவன் நவநீதன்தான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அன்றைக்கு அவன் முகத்தில் கல்யாணம் நிச்சயமானவன் மாதிரி ஒரு களை.

தினமும் மதியம் ஒரு எபிசோடு. பாட்டைத் தாண்டிக் கதைக்குப் போக இவள் விரல் நீண்டால் தட்டிவிடுவான். பாட்டு முடியும்வரை டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது.

"பாட்டத் தள்ளி உடறவங்க கூட நான் சோறு திங்கறதில்ல."

ஆறிப்போன சாம்பார் சாதத்தோடு இவளுக்கும் பாட்டு மனப்பாடமானது. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. பங்கு போட்டுக்கொண்டு பாடினார்கள். பெரும்பகுதி இவளுக்கு. எலுமிச்சை உருளும் இடத்தில் வரும் ஒரே ஒரு வரி அவனுக்கு. அதை மட்டும் விட்டுத்தர மாட்டான்.

ஒரு நாள் சேர்ந்து போய் அசலைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு.

பிறகு இவளுக்குக் கடல் தாண்டி இந்த ஊரில் வேலை கிடைத்தது. போ என்றும் அவன் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. பொங்கல் வாழ்த்தோடு பேச்சு நின்றது.

அவன் இல்லாமல் பார்க்க வந்தது துரோகம் மாதிரி இருந்தது. வராமல் இருக்கவும் முடியவில்லை.

அவன் வேண்டும். இங்கே, பக்கத்தில், இப்போதே வேண்டும்.

போனை எடுத்தாள். போட்டோ போதாது என்று தோன்றியது. வீடியோ எடுத்தாள், அந்தப் பாட்டு ஓடும் நேரத்துக்கு. எதுவுமே அசையாத வீடியோ.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் இவளைப் பார்த்துச் சிரித்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

யோசித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரியும். யோசிக்காமல் அனுப்பினாள்.

அங்கே இப்போது கேன்டீன் நேரம்.

நீல டிக் விழுந்தது.

பதில் இல்லை. ஒரு முழுப் பாட்டு ஓடி முடியும்வரை இல்லை.

பிறகு வந்தது.

"நடுவுல ஒரு வரிய விட்டுட்டயே."

என்ன சொல்கிறான்?

வீடியோவை ஓடவிட்டுக் காதில் வைத்தாள்.

அதில் இவள் குரல். தன்னை அறியாமல் பாடிக்கொண்டே எடுத்திருக்கிறாள். பெரியவர் சிரித்தது அதற்குத்தான். பாட்டு பாதிவரை போகிறது. சட்டென்று நிற்கிறது. யாரோ நடந்து போகும் ஷூ சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அடுத்த வரியிலிருந்து மறுபடியும் இவள் குரல்.

மறந்துபோய் விட்டதல்ல. அது இவளுடைய வரி இல்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. அவன் குரல் பதிவு. மிகச் சின்னது. ஒரு வரிதான் இருக்கும்.

உடனே கேட்கவில்லை.

ஓவியத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனாள். கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை தெரிந்தே, வாய்விட்டே. பெரியவர் என்ன நினைத்தால் என்ன.

கட்டைவிரல் அவன் குரலின் மேல் காத்திருந்தது.

எலுமிச்சை உருளும் இடம் வந்தது. அழுத்தினாள்.

கண்ணைத் திறந்தாள்.