வருஷப்பிறப்புத் தேங்காய்

"தேங்காய் உடைக்க உங்களுக்கு வேறை இடமே கிடைக்கேல்லையோ அப்பா?"

ரதீசன் தலையில் கை வைத்தபடி வாசலில் நின்றான். இருநூறு வருஷத்துக் கல் வீடு. இரண்டு பக்கமும் தூண்கள், கதவுக்கு மேலே விசிறி போல விரிந்த கண்ணாடி, தெருவுக்கு இறங்க அகலமான கற்படிகள். லண்டனில் இப்படிச் சட்டம் பாதுகாக்கும் பழைய வீட்டில் ஆணி அடிக்கவும் கவுன்சிலைக் கேட்க வேண்டும். தும்முவதற்கு மட்டும்தான் இன்னும் அனுமதி கேட்கவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருந்த படிக்கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"வருஷப்பிறப்பு நாளடா. வாசலிலை தேங்காய் உடைச்சது பிழையோ?" என்றார் அம்பலவாணன். குரலில் வழக்கமான வீறாப்பு இல்லை.

"பக்கத்து வீட்டுக்காரி அறிவிச்சிட்டா. கவுன்சிலிலை இருந்து ஆள் வருகுது. வழக்குப் போட்டாலும் போடுவினம்."

அந்தக் கவுன்சிலோடு அவனுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். நீரிழிவு நோயில் ஒரு காலை இழந்த அம்மா கலாவதி சக்கர நாற்காலியில் இறங்குவதற்கு, படிகளின்மேல் மரச் சாய்தளம் போடக் கேட்டிருந்தான். முகப்பின் அழகு கெடும் என்று கையை விரித்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போக அம்மா சம்மதிப்பதில்லை. தெருக்கோடிக் கோயில் மணி கேட்டால் வீட்டுக்குள் இருந்தே கும்பிடுவாள். ஒரு நாளும் முறையிட்டதில்லை; அதுதான் அவனை வாட்டியது.

அதிகாரி ஏஞ்சலா வந்தார். குனிந்து வெடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"வேண்டுமென்றே செய்தாரா?"

ரதீசன் தமிழில் கேட்டான்.

"சாமிக்கு உடைச்சதெண்டு சொல்லு" என்றார் அம்பலவாணன், நிலத்தைப் பார்த்தபடி.

ஏஞ்சலா யோசித்தார். "சமயச் சடங்கு. விபத்து என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வர ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை படிகளில் யாரும் கால் வைக்கக் கூடாது. மேலே சாய்தளம் போட்டுக்கொள்ளுங்கள், அனுமதி தருகிறேன்."

ரதீசன் உள்ளே ஓடினான். கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இனி நீங்கள் கோயிலுக்குப் போகலாம்! எல்லாம் அப்பாவின்ரை தேங்காயாலை வந்த புண்ணியம்."

"விசர்க் கதை கதையாதை. தேங்காய்க்குக் கல்லு வெடிக்குமோ?" கலாவதி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "விடியப்புறம் கதவடிக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், அம்மிக் குழவியை மடியிலை இருந்து வேணுமெண்டே படியிலை விழுத்தினது நான். உன்ரை அப்பர் பாவம், பயந்துபோய் பிறகுதான் தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்."