ஆயில் டயலில் ஒரு பொட்டு

முள் பொட்டுக்குள் நுழைந்தது.

வெளியே வரவில்லை.

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். டயலில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும்தான் தெரிந்தன. எஞ்சின் ஆயில் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பது அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

நேற்று ஆயுத பூஜை. மாமனார் குளித்து, பட்டு வேட்டி கட்டி, பந்தயப் படகுக்குத் தன் கையாலேயே பொட்டு வைத்தார். முன்மூக்கில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று. அதோடு விட்டாரா? டயல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

காலையில் அவள் துடைக்கத் துணியை எடுத்தாள். அவர் பார்த்த பார்வையில் அதை மடித்து வைத்துவிட்டாள்.

படகு அவருடையது. ஓட்டுவது மருமகள். போன வருடப் பந்தயத்தில் ஆயில் கொதித்து எஞ்சின் ஜாம் ஆனது. அன்றைக்கே மாமனார் சொல்லிவிட்டார்:

"இன்னொரு மட்டம் எஞ்சின் வெந்துச்சுன்னா, படகை வித்துட்டு ஆடு வாங்கிருவேன்."

சொன்னால் செய்கிற மனுஷர். இப்போது பக்கத்து இருக்கையில், லைஃப் ஜாக்கெட்டுக்குள் பிதுங்கி உட்கார்ந்திருந்தார்.

கடைசிச் சுற்று. இவர்கள் படகுதான் முதலில்.

பொட்டை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. வேகத்தைக் குறைத்தாள். குறைத்தால் ஆயில் கொஞ்சம் ஆறும்.

நீலப் படகு ஒன்று இருவர் முகத்திலும் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு முந்திப் போனது.

"ஏம்மா, ஏன் மெதுவாப் போற?"

"ஆயில் சூடு தெரியல மாமா. பொட்டு மறைக்குது."

அவர் டயலைப் பார்த்தார். நீலப் படகைப் பார்த்தார். வானத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

பிறகு ஒற்றை விரலால் பொட்டை வழித்தார். கீழே உதறாமல், அப்படியே தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

முள் சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே, சாதுவாக நின்றது.

"விடும்மா வண்டிய!"

விட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீலப் படகு பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. எல்லைக் கொடி தெரிந்தது. மாமனார் ஆட்டையெல்லாம் மறந்து கூச்சல் போட்டார்.

எஞ்சின் இருமியது.

இன்னொரு தடவை இருமியது.

பிறகு அலைச் சத்தம் மட்டும்.

ஆயில் முள் அதே இடத்தில்தான் நின்றது. எஞ்சின் பத்திரம்.

இருவரும் ஒரே நேரத்தில் பெட்ரோல் டயலைப் பார்த்தார்கள். இருப்பதிலேயே பெரிய பொட்டு அதற்குத்தான்.

நீலப் படகு மறுபடியும் தண்ணீர் இறைத்துவிட்டுப் போனது.

மாமனார் மெல்ல விரலை நீட்டினார்.

நெற்றியில் இன்னும் இடம் இருந்தது.