சர்வர் மேல் ஒரு பச்சைப் பொட்டலம்

நிலாத் திருவிழாவுக்குத் தைச்சுங் நகரமே கேக் கேட்டு மொய்த்தும், லியென் கடையின் இணையதளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"எல்லாம் சர்வர் அலமாரி மேல நான் வெச்ச பொட்டலத்தோட மகிமை!" என்று மார்தட்டினார் முதலாளி லியென். சர்வர் அடம்பிடிக்காமல் ஓடப் பச்சை உறை சிப்ஸ் பொட்டலம் வைக்காத அலுவலகம் தைவானில் ஏது?

கடையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் யீஷுவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு எரிய எரிய புது டெக்னாலஜி கத்துக்கிட்டு, தளத்தையே மாத்தி எழுதினது நான். பேரு சிப்ஸுக்கா முதலாளி? நீங்க சொன்ன பதவி உயர்வு என்னாச்சு?"

"பொட்டலம் பண்ணின வேலைக்கு உனக்கு எதுக்கும்மா பதவி?"

"வாங்க, காட்டறேன்."

இழுக்காத குறையாக அவரை உள்ளறைக்கு அழைத்துப் போய், அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"சர்வரை எடுத்து ஒரு மாசமாச்சு. நான் கத்துக்கிட்டதை வெச்சு, தளத்தை வெளியூர்ல வாடகை கம்ப்யூட்டருக்கு மாத்திட்டேன். உங்க பொட்டலம் காலி அலமாரியைத்தான் காவல் காத்துச்சு!"

லியெனின் முகம் சிவந்தது.

"எங்கப்பா ஆரம்பிச்ச கடையை ஒரு மாசமா பொட்டலமே இல்லாமலா நடத்தினே? மொதல்ல அந்த வெளியூருக்குப் போய், வாடகை கம்ப்யூட்டர் மேல ஒண்ணு வெச்சுட்டு வா. பதவியைப் பத்தி அப்புறம் பேசலாம்!"